எக்ஸ்ரே மேஜையில் ஒரு தாயத்து

லூர்துராணி எக்ஸ்ரே படித்தவள் இல்லை. எக்ஸ்ரே எடுப்பவரைக் கட்டிக்கொண்டவள், அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வாக்கில் அவள் கணவர் அற்புதசாமி தென்னூரில் ஒரு சந்துக்குள் சின்னதாய் எக்ஸ்ரே அறை வைத்தார். பழைய நகரத்து முஸ்லிம் வீடுகளிலிருந்து முகம் மூடிய கோஷாப் பெண்கள் குதிரை வண்டியில் வருவார்கள். ஆண்பிள்ளை தொட்டுப் படுக்கவைப்பார் என்று தெரிந்ததும் அதே வண்டியில் திரும்பிவிடுவார்கள். வந்த பிழைப்பு வாசலோடு போவதைப் பார்த்துக்கொண்டு எவள்தான் சும்மா இருப்பாள்? அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளே மேஜைப் பக்கம் நின்றாள். அன்றிலிருந்து சுவிட்சு அவருடையது, மேஜை இவளுடையது.

காலைத் திருப்பி வைப்பது, பிலிம் பெட்டியை அடியில் செருகுவது எல்லாம் கணவர் சொல்லித்தர, கை பழகிவிட்டது. வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்வாள். ஆனால் தாயத்தையும் தாலியையும் மட்டும் கழற்றச் சொல்லமாட்டாள். ஒதுக்கிவைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். அவள் கழுத்தில், சிறுவயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் போட்ட மாதா உத்தரியக் கயிறு இருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். தன்னுடையதைக் கழற்றாதவள் பிறத்தியாருடையதைக் கழற்றச் சொல்வது என்ன நியாயம் என்பாள். அற்புதசாமி இதில் வாய் கொடுத்து ஜெயித்ததில்லை.

அறுபத்துமூன்றில் சாரா பீவி வந்தாள். தொப்பிக்கடை குத்புதீனின் மனைவி. முப்பது வயதுகூட ஆகவில்லை. முகம் பூசணிக்காயாய் உருண்டு பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை நன்றாக வைத்திருக்கிறார் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் பெருமை. அவளுக்கோ கொஞ்ச நாளாகத் தொடை சேரும் இடத்தில் வலி. காய்ச்சல் இல்லை, வீக்கமும் இல்லை. குனிந்து தொழ முடியாமல் உட்கார்ந்தே தொழுதுகொண்டிருந்தாள். மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா என்று டாக்டர் நல்லுசாமி கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எதற்கும் ஒரு படம் பார்த்துவிடுவோம் என்று அவர் அனுப்பிவைத்தார்.

சாரா பீவியின் இடுப்புக் கயிற்றில் வெள்ளித் தாயத்து. லூர்துராணி வழக்கம்போல ஒதுக்கி ஒட்டிவிட்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். பிலிமைக் கழுவித் தூக்கிப் பார்த்தால், தொடையெலும்புப் பந்தும் இடுப்புக் கிண்ணமும் சேருகிற இடத்தில் வெள்ளையாய் ஒரு கட்டை. மெஷின் உறுமியதும் சாரா பீவி பயந்துபோய், பிளாஸ்திரியைப் பிய்த்துத் தாயத்தை வலிக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்! வலி அங்கே இருக்க, காவல் வேறெங்கே இருக்கும்?

பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது, மற்ற எலும்பெல்லாம் தெரிகிறதே, இதையே அனுப்பிவிடலாம் என்றார் அற்புதசாமி. லூர்துராணி கேட்கவில்லை. வலிக்கிற இடத்தை மறைத்துவிட்டு வலிக்காத இடத்தைக் காட்டி அனுப்புவதற்கு எக்ஸ்ரே எதற்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாயத்தைக் கழற்றச் சொன்னாள்.

சாரா பீவி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இத ஓதிக் கட்டின வாரத்துலேருந்துதான் எனக்கு மூச்சு இழுப்பு இல்லக்கா. அவுத்தா வந்துரும்.”

அந்த வாரம் மருந்தும் கொடுத்தார்களா என்று லூர்துராணி பேச்சுவாக்கில் கேட்டாள். சின்ன மாத்திரைதான், கொஞ்ச நாளைக்கு என்று அப்போதைய டாக்டர் கொடுத்தார், கடையில் கேட்டால் இன்றைக்கும் தருகிறார்கள், வாயில் போட்டுக்கொண்டால் தெம்பாக இருக்கிறது என்றாள் சாரா பீவி. இழுப்பை விரட்டியது தாயத்து என்று இருக்கும்போது, அந்த மாத்திரையை மருந்தென்று யார் கணக்கில் சேர்ப்பார்கள்? லூர்துராணிக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. எதற்கும் டாக்டரிடம் சொல்லிவைப்போம் என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் கவலையெல்லாம் தாயத்தின் மேல்.

“அவுத்து என் கையில குடும்மா. இழுப்பு வராது. நான் பொறுப்பு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுத்தவள் மூச்சுக்குப் பொறுப்பேற்க இவள் யார்? ஆனால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

இரண்டாவது படத்தில் பந்தின் ஓரம் செல்லரித்த பலகைபோல் உதிர்ந்திருந்தது. லூர்துராணி சொன்ன மாத்திரைக் கதையைக் கேட்டதும் டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இழுப்பை அடக்குகிற அந்த மாத்திரையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிட்டது, அதனால்தான் உள்ளே கிருமி எலும்பைத் தின்றும் காய்ச்சலோ வீக்கமோ காட்டவில்லை, முகத்து உருட்சியும் செழிப்பில்லை, மாத்திரை செய்த வேலை என்று குத்புதீனுக்கு விளக்கினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கால் போயிருக்கும், உயிரும் போயிருக்கலாம் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சீழை எடுத்தார்கள். காலில் எடை கட்டி மாதக்கணக்கில் படுக்கப்போட்டார்கள். மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள்.

மாத்திரை குறையக் குறைய இழுப்பு திரும்பி வந்தது. கேள்விப்பட்ட அன்றைக்கு லூர்துராணிக்குச் சோறு இறங்கவில்லை. லூர்து மாதா கோயிலில் போய் முட்டி போட்டாள். படம் எடுத்ததற்கு வருத்தமில்லை. வராது என்று ஏன் வாயை விட்டோம் என்பதுதான் அறுத்தது.

மறுபடம் எடுக்க சாரா பீவி வந்தபோது முகம் வற்றிப் பாதியாகியிருந்தது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. குத்புதீனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கீச்கீச்சென்று மூச்சு வாங்க நடந்து வந்து மேஜையில் படுத்தாள். இடுப்பில் அதே தாயத்து. கழற்றச் சொல்ல லூர்துராணிக்கு வாய் வரவில்லை. பிளாஸ்திரியை எடுத்தாள்.

“வராதுன்னு சொன்னீங்க. வந்துருச்சுக்கா.”

“ஆமாம்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

சாரா பீவி மூச்சு வாங்கிக்கொண்டே, கேட்காமலேயே கயிற்று முடிச்சை அவிழ்த்தாள்.

“உக்காந்தேதான் தூங்குறேன். ஆனா உங்க வாசலுக்கு நடந்துதானே வந்தேன்? இந்தாங்க, புடிங்க.”

லூர்துராணி அதைக் கைக்குள் மூடிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள்.

“மூச்சப் புடிம்மா” என்றாள்.

சாரா பீவி பிடித்துக்கொண்டாள்.