இருபத்திரண்டு அப்பம்

பயப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டால் என் பெரியம்மா அதை லேசில் விடமாட்டாள். பல்லியில் தொடங்கி பேராயர் வரை எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் அந்த மாதம் அவள் பயந்ததில் நியாயம் இருந்தது.

எங்கள் சின்ன ஆங்கிலிக்கன் ஆலயத்தில் மணி அடிப்பது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் அவள்தான். பெரியப்பா போன பிறகு ஆலயத்தை ஒட்டிய ஒற்றை அறையே வீடு. ஆலயத்தை மூடினால் அந்த அறையும் போய்விடும்.

திருவிருந்தில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் சின்ன வட்ட அப்பங்களைத் தட்டில் எண்ணி வைப்பதும் அவள் வேலை. எத்தனை வைத்தாளோ, அதையே வந்தவர் எண்ணிக்கையாகப் பதிவேட்டில் எழுதுவாள். குருவானவர் கையெழுத்துப் போடுவார். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் இருபத்திரண்டு பேர். பிறகு சிலர் இறந்தார்கள், சிலர் பிள்ளைகளோடு வேறு ஊர் போனார்கள். ஒன்றைக் குறைத்தால் ஒருவரை மறுபடி புதைப்பது போலிருக்கிறது என்பாள். ஒன்பது பேர் வந்த ஞாயிறுகளிலும் தட்டில் இருபத்திரண்டே இருந்தது.

வருகை இருபதுக்குக் கீழே போன ஆலயங்களை மூடலாமா என்று பார்க்கத் திருச்சபை மேலிடம் ஓர் அதிகாரியை அனுப்புவதாகக் கடிதம் வந்தது. "பொய் எழுதினேன்னு போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்களாடி?" என்று பெரியம்மா தினமும் என்னைக் கேட்டாள். சோறு இறங்கவில்லை. இருந்த நாலு பாத்திரத்தையும் துணியில் மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலைகளை எண்ணினார். ஆராதனை முடிந்ததும் பதிவேட்டைப் புரட்டினார்.

"பத்து வருஷமா இருபத்திரண்டு. ஒருத்தர்கூட கூடல, குறையல. இன்னிக்கு நான் எண்ணினது ஒன்பது. என்னம்மா இது?"

மழையால் வரவில்லை என்று சொல்லும்படி நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பயத்தில் அவள் வாயில் உண்மைதான் வந்தது.

"ஒன்பதுதான் சார். நான்தான் தப்பா எழுதினேன். ஐயாவுக்கு எதுவும் தெரியாது."

குருவானவர் முன்னால் வந்தார். பிறகு, "தெரியாம என்னம்மா? ஆசீர்வதிச்ச அப்பத்தை மீதி வைக்கக்கூடாது. வாராவாரம் பதிமூணையும் யாரு சாப்பிட்டான்னு நினைச்சீங்க?" என்றார்.

பெரியம்மா அழுதுவிட்டாள். அதிகாரி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனார். மாதக் கடைசி ஞாயிறோடு மூடுவதாகப் பத்து நாளில் முடிவு வந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு காலை, "இந்தத் தடவையாவது சரியா வைங்கம்மா" என்றார் குருவானவர். அவள் மூன்று முறை எண்ணி ஒன்பது வைத்தாள். மணி அடித்துவிட்டுத் திரும்பினால் வாசலில் கூட்டம். கடைசி ஆராதனையாம்! ஊரை விட்டுப் போனவர்கள், வருஷக்கணக்கில் எட்டியே பார்க்காதவர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். குருவானவர் அந்த ஒன்பதையும் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். வரிசையின் கடைசியில் நின்ற பெரியம்மாவுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, பதிவேட்டைத் திறந்து நாற்பத்தாறு என்று எழுதினாள். குருவானவர் கையெழுத்துப் போட்டார். அவள் அந்தப் பக்கத்தையே பார்த்தபடி நின்றாள்.

"இத யாருடி நம்புவா?" என்றாள்.