பின்பக்கத்துக் காது

சிஐடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் கீழ்க்கடைத் தையல்காரர். தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் எவ்வளவு, வெட்டின துண்டெல்லாம் எங்கே போயிற்று என்று அவள் குடைந்த குடைச்சலில் மனுஷன் நொந்துபோய் வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார். அப்புறம் துணிச்சல் வந்து முகத்துக்கு நேராகவே 'சிஐடி அக்கா' என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஏமாளி என்று பெயர் எடுப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்று விட்டுவிட்டாள்.

கடைக்கு மேலே மாடியில் அவளுடைய ஒலிப்பதிவு அறை. பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து வைத்த ஒரே அறை, ஜன்னலுக்குக் கனத்த கம்பளி, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், படிக்க வருகிறவருக்கு முனகாத நாற்காலி ஒன்று. கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து உண்டு. பதிவு நடக்கும்போது உள்ளிருந்து துணியை அடைத்துக்கொள்வாள். லிஃப்ட்டில் "கதவு மூடுகிறது" என்கிற குரலும், போனில் காத்திருக்கச் சொல்லி உயிரை வாங்குகிற குரலும் இந்த மாதிரி அறைகளில்தான் பிறக்கின்றன. ஆனால் அவள் ஆசைப்பட்டுச் செய்த வேலை வேறு. பார்வையற்றோர் நூலகம் ஒன்றுக்குப் புத்தகங்களைப் படிக்கச் செய்து பதிந்து கொடுப்பாள். அதில் மட்டும் ஒரு இருமல், ஒரு பக்கம் புரளும் சத்தம் இருக்க விடமாட்டாள்.

இந்த நிலையில்தான் மாமனார் போய்ச் சேர்ந்தார், மைக்குகள் இவளிடம் வந்து சேர்ந்தன. வாழ்நாளெல்லாம் ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்தவர் அவர். கூடத்தில் புது மைக் வந்தால் போதும், தூக்கிப் போடுகிற பழசைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இரும்பு வளையத்துக்குள் ஸ்பிரிங்கில் தொங்குவது, தனியாக ஒரு பெட்டி வைத்துச் சூடேற்றினால்தான் வாய் திறப்பது, செங்கல் கனத்தில் முன்னும் பின்னும் சல்லடை போட்டது என்று ஒரு அலமாரி நிறைய. பெற்ற மகனும் மகளும் இருக்க, அத்தனையையும் மருமகள் பேருக்கு எழுதி வைத்திருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருப்பார்கள். இவளுக்கு வந்த முதல் யோசனை, 'எனக்கு எதுக்கு? இதுல என்ன வில்லங்கம் இருக்கு?' என்பதுதான். ஒவ்வொரு மைக்கையும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தாள். ஒவ்வொன்றின் அடியிலும், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். யாராவது மாற்றி வைத்துவிட்டால் கண்டுபிடிக்க வேண்டாமா? சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டாள். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

"அந்தச் சாவிக்கு முதுகு தேய்ச்சு விடணும்னா சொல்லு," என்றார் அவள் வீட்டுக்காரர். சாதுவான மனிதர். அதிர்ந்து பேசத் தெரியாது.

அந்தச் செங்கல் மைக் மட்டும் ஊமையாக இருந்தது. பழைய மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். உள்ளே ஒரு உலோக ரிப்பன். வெங்காயச் சருகைவிட மெல்லிசு. அது அறுந்திருந்தது. "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடுங்கக்கா, பறந்துரும்," என்று கெஞ்சிக் கெஞ்சிப் புது ரிப்பனைப் பொருத்தினார் அவர். முடித்துவிட்டுக் கருவிகளை எடுத்து வைக்கும்போது, "ஒரு விஷயம் சொல்லணும்க்கா. இந்த ரிப்பன் மைக் மத்த மைக் மாதிரி கிடையாது, இதுக்குப் பின்னாடி..." என்று ஆரம்பித்தார்.

"பின்னாடி இன்னொரு செலவு இருக்குன்னு சொல்லப் போறீங்க. அதானே? பேசின கூலியை வாங்கிட்டுக் கிளம்புங்க," என்றாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பிவிட்டார். அவர் சொல்ல வந்த வாக்கியம் அவரோடு படியிறங்கிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் தோட்டப் புத்தகம் வந்தது. வீட்டில் தொட்டிச்செடி வளர்ப்பது எப்படி என்று விளக்கமாகச் சொல்லும் புத்தகம். நூலகம் ரொம்ப அவசரப்பட்டது. வழக்கமாகப் படிக்கிற பெண்ணுக்கோ தொண்டை கட்டி, குரல் தவளைக் குரலாகிவிட்டது. வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "எங்க அக்காவைக் கூப்பிடட்டுமா? நல்லா படிப்பா," என்றார்.

அந்த அக்காவை இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். நூலகக் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் முழுக்க இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். கடைசியில்தான் வந்தார், காரியம் முடிந்த கையோடு போய்விட்டார். அதை இவள் மறக்கவில்லை. மனசுக்குள்ளே அதற்கும் ஒரு நகப்பூச்சுப் பொட்டு வைத்திருந்தாள்.

அண்ணி வந்தார். கூலி வேண்டாம் என்றார். பஸ் காசு வேண்டாம் என்றார். "வீட்ல உங்க அண்ணனுக்கு நான்தானே பேப்பர் படிச்சுக் காட்டுறேன். அது மாதிரி நாலு பேருக்குக் கேக்கும்னா நல்லதுதானேம்மா," என்றார். அண்ணியின் கணவருக்குப் பார்வை மங்கல் என்பது குடும்பத்தில் எல்லாரும் அறிந்தது. ஆனாலும் சிஐடிக்குப் பொறி தட்டியது. கூலி கேட்கிறவர்களைக் கூட நம்பலாம். சும்மா வருகிறவர்களை எப்படி நம்புவது?

படிக்க ஆரம்பித்தால், இவளுடைய வழக்கமான மைக்கில் அண்ணியின் குரல் கீச்சென்று கேட்டது. 'ஸ' வரும் இடமெல்லாம் சீறியது. "அப்பாவோட மைக் ஒண்ணை வச்சுப் பாரேன்," என்றார் வீட்டுக்காரர். அரை மனசோடு அலமாரியைத் திறந்து செங்கல் மைக்கை எடுத்தாள். அண்ணியின் கண்கள் அலமாரிக்குள் ஒரு தடவை போய் வந்ததை ஓரக்கண்ணால் குறித்துக்கொண்டாள்.

குரலைச் சொல்ல வேண்டும். அந்த மைக்கில் அண்ணி வாய் திறந்ததும் சீறலெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுச் சொல்கிற குரலாக அது மாறியிருந்தது. 'தொட்டியின் அடியில் துளை அவசியம்' என்ற வரியைக் கேட்டு யாருக்காவது நெஞ்சு நிறையுமா? இவளுக்கு நிறைந்தது. இந்தக் குரல் கிடைத்துவிட்டால் இனி வேறு ஆளே தேட வேண்டாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்துவிட்டோமே என்று உடனே பயமும் வந்தது.

அன்றைக்கு இருந்தது ஒரே ஹெட்போன். அதை அண்ணி மாட்டிக்கொண்டிருந்தார். திரையில் அலை ஏறி இறங்குவதைப் பார்த்து இவள் வேலையை ஓட்டினாள். இடையில் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்தார். இவள் அவரை இழுத்துக்கொண்டு மைக்குக்குப் பின்னால் போய் நின்றாள். இது அவளுடைய நாள்பட்ட பழக்கம். அவள் இதுவரை வைத்திருந்த மைக்குகளுக்கெல்லாம் முன்னால் மட்டும்தான் காது. பின்னால் நின்று கிசுகிசுத்தால் பதியாது. அந்தப் பக்கம் நின்றே பாதிக் குடும்ப விவகாரத்தைப் பேசி முடித்திருக்கிறாள்.

"மெதுவா பேசு," என்றார் அவர்.

"பின்னாடிதானே நிக்கிறோம், அதுக்குக் கேக்காது. ஏங்க, உங்க அக்கா எதுக்கு வந்திருக்காங்கன்னு நினைக்கிறீங்க? கூலி வேண்டாம், பஸ் காசு வேண்டாம். ஒண்ணுமே வேண்டாம்னா, பெருசா ஏதோ வேணும்னு அர்த்தம். அலமாரியைத் திறந்தப்போ பாத்த பார்வையைப் பாத்தீங்களா? பெத்த அப்பா படுக்கையில கிடந்தப்போ எட்டிப் பாக்காத மக, மைக்குன்னதும் வந்து உக்காந்துட்டாங்க."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தார். ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, மேசையில் வைத்தார். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் பதிவைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். அண்ணியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது: "வேர் அழுகுவதற்கு முக்கியக் காரணம், அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுவது." அதன் மேலேயே, பட்டுத் துணியைக் கத்தரித்த மாதிரி, இன்னொரு குரல்: "கூலி வேண்டாம், பஸ் காசு வேண்டாம்."

யார் இது என்று ஒரு கணம் திகைத்தாள். அது அவளேதான். ஒரு சொல் கூட மங்கவில்லை. 'பெத்த அப்பா' என்ற இடத்தில் அண்ணியின் குரல் நின்றது. ஒரு மூச்சு கேட்டது. பிறகு, "ஆகவே மண் காய்ந்த பின்பே அடுத்த முறை நீர் விட வேண்டும்," என்று தொடர்ந்தது. பிசிறில்லாத குரல்.

அந்த ரிப்பனுக்கு முன்னும் பின்னும் ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கும், பக்கவாட்டில்தான் செவிடு. இதைத்தானே அந்த மெக்கானிக் சொல்ல வந்தார், சண்டாளி, வாயை அடைத்து அனுப்பினோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஹெட்போன் மாட்டியிருந்த அண்ணிக்கு இவள் பேச்சு அத்தனையும் காதுக்குள்ளேயே கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டே அந்தம்மா வேர் அழுகலைப் பற்றிப் படித்திருக்கிறார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. புத்தகம் போனால் போகட்டும், நூலகம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அந்த மனுஷி இனி இந்தப் படி ஏறமாட்டாரே என்பதுதான் அவளைப் போட்டு வதைத்தது. போனை எடுத்தாள்.

"அண்ணி, நேத்து நான் பேசினது..."

"கேட்டுச்சும்மா," என்றார் அண்ணி. கோபமில்லாத குரல். அதுதான் தாங்கவில்லை. "மைக்குக்காக வந்தேன்னு சொன்னே, அது கூடப் பரவால்ல. சிரிப்புதான் வந்துச்சு. அவரு படுக்கையில விழுறதுக்கு முந்தியே, அதை உனக்குக் குடுங்கன்னு அப்பாகிட்ட சொன்னதே நான்தான்."

"நீங்களா?"

"தம்பிகிட்ட குடுத்தா, கேக்கிறவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துருவான். நானும் அப்படித்தான். யாரையும் நம்பாத ஆளு நம்ம குடும்பத்துல நீ ஒருத்திதான், உன் கையில இருந்தா ஒரு ஆணி கூடக் காணாமப் போகாதுன்னு சொன்னேன். அப்பாவும் சிரிச்சுக்கிட்டே சரின்னாரு."

இவள் கை தன்னையறியாமல் கழுத்துச் சாவியைத் தடவியது.

"அப்பா படுத்திருந்தப்போ வரலைன்னு சொன்னே பாரு, அதுதான்மா வலிச்சுது. அப்பதான் இவருக்கு மிச்சமிருந்த கண்ணும் போச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் பழகிட்டிருந்தாரு, விட்டுட்டு எப்படி வர்றது? அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு தம்பிகிட்ட மட்டும் சொன்னேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று விசாரித்திருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

அண்ணியே சொன்னார். "புத்தகத்தைப் பாதியில விட வேண்டாம். வந்து முடிச்சுத் தர்றேன். ஆனா நான் படிக்கும்போது நீ அங்க இருக்க வேண்டாம். சாவியை மேசையில வச்சுட்டுப் போ. முடிச்சதும் மைக்கை நானே உள்ள வச்சுப் பூட்டிட்டுக் கிளம்புறேன்."

சரி என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றும்போது கழுத்து வெறிச்சென்று இருந்தது. அண்ணி வந்து உட்கார்ந்தார். கெட்டுப்போன பக்கத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். பதிவை ஓடவிட்டு, சாவியை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். சந்தில் துணியை அடைக்கச் சொல்ல மறந்துபோனாள்.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார். "என்னக்கா, மேல ஆளைத் தனியா விட்டுட்டு வந்திருக்கீங்க? உடம்புக்கு ஏதாவதா?"

"உங்க வேலையைப் பாருங்க."

உட்கார்ந்தாள். எழுந்தாள். பட்டன் டப்பாவைக் கிளறினாள். அண்ணி நல்லவர்தான், எல்லாம் தெரிந்துவிட்டது, சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் அலமாரி திறந்தால் ஒரு கிறீச்சு கேட்கும். கேட்கவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டால் நிம்மதியாக இருக்கலாமே? இந்தப் பாழாய்ப்போன புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். தையல்காரர் பார்க்காத மாதிரி நூலைக் கோர்த்தார்.

பூனை மாதிரி படியேறிக் கதவோரம் நின்றாள். உள்ளே குரல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கிறீச்சு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றாள். குரல் நின்றது.

"வெளிய நின்னது போதும். உள்ள வா."

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கதவைத் திறந்தாள். மைக் அதன் முதுகைக் கதவுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. அண்ணி ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். சாவி, வைத்த இடத்திலேயே கிடந்தது.

"எப்படித் தெரிஞ்சுது அண்ணி?"

"படியேறினதுலேர்ந்து என் காதுக்குள்ளதானே இருக்கே." அண்ணி தன் வலது பக்கத்தில், மைக்குக்குப் பக்கவாட்டில், தரையைக் காட்டினார். "இப்படி உக்காரு. இந்தப் பக்கம்தான் இதுக்குக் காது கிடையாது. சின்னப் பிள்ளையில அப்பா என்னை இங்கதான் உக்கார வைப்பாரு, வாயை மூட மாட்டேன்னு. இனிமே என்னைப் பத்தி ஏதாவது சொல்லணும்னு தோணினா இங்க உக்காந்தே சொல்லு. எனக்குக் கேக்காது."

சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். இவள் காட்டின இடத்தில் உட்கார்ந்தாள். முகம் எரிந்தது. "மன்னிச்சிருங்க அண்ணி," என்று மெல்லச் சொன்னாள். திரையில் அலை அசையவில்லை. அண்ணியும் நிமிரவில்லை, காதை அடைத்திருந்த ஹெட்போனில் அவர் குரலைத் தவிர வேறெதுவும் இல்லை. "வேர் அழுகுவதற்கு முக்கியக் காரணம்," என்று படித்துக்கொண்டிருந்தார்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இருமலைக் கூட உள்ளே விடாதவள் எழுந்தாள், சுற்றிக்கொண்டு வந்து மைக்குக்கு நேர் பின்னால் நின்றாள், சல்லடைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் அதையே மறுபடியும் சொன்னாள்.

அந்தப் பக்கத்தை மூன்றாவது தடவையும் படிக்க வேண்டியதாயிற்று.