போதிசத்துவர் மாதிரி முகம்

ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, போதிசத்துவர் மாதிரி முகம் வைத்துப் பழகினான் என்றால் நீங்கள் சிரிக்கலாம். அந்த ஆள் நான்தான்.

மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் குத்திச் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் வழக்கம்போலக் குழம்பு வைத்தாள். சாயங்காலம் கோமதியம்மன் கோயிலுக்குப் போய்க் கழுத்தில் புற்றுமண் பூசிவந்தாள். உறக்கம் போனது எனக்குத்தான். என் முகத்தைப் பார்த்தே அவள் பயந்துவிடுவாளோ என்று வேறு பயம்.

அப்போதுதான் அஜந்தா நினைவுக்கு வந்தது. எப்போதோ போன சுற்றுலா. குகையின் அரையிருட்டில், பின்னால் வந்தவர்கள் முட்டித் தள்ள, கொஞ்ச நேரமே பார்த்த போதிசத்துவர் ஓவியம். சாய்ந்த தலை, தாழ்ந்த இமைகள், விரல்களுக்கிடையில் தாமரை. உலகத்துத் துயரமெல்லாம் தெரிந்தும் பதறாத முகம். அதை ஒருநாள் வாடகைக்குத் தந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

ரிப்போர்ட் வாங்கப் போன காலையில், ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தேன். இமைகளைத் தாழ்த்தினேன். தாமரைக்குப் பதில் டோக்கன். நெஞ்சு டிராக்டர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. உதட்டில் லேசான புன்னகை வர வேண்டும்; ஒரு பக்கம்தான் வந்தது.

எதிரே இருந்த கரிவலம்வந்தநல்லூர்க்காரர் எழுந்துவிட்டார். "சிஸ்டர்! இங்கன ஓடியாங்க! அண்ணாச்சிக்கு வாய் கோணுது, கண்ணு சொருகுது!"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் நாக்குக் குழறியது. அதுவே சாட்சியாகிவிட்டது.

வீல்சேர் வந்தது. என்னை அள்ளிப்போட்டு உருட்டினார்கள். அதுவரை கலங்காதவள், "ஏங்க, என்ன செய்யுது? பேசுங்க!" என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். எது நடக்கக் கூடாது என்று இத்தனை நாள் பழகினேனோ, அது நடந்தது.

பிரஷர் பார்த்த டாக்டர், "வெறும் பதட்டம்தான்" என்றார். பிறகு அவளுடைய ரிப்போர்ட்டைப் பிரித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் நான் வீல்சேரின் கைப்பிடியை நெரித்தே கொன்றிருப்பேன். சாதாரணக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை. அதற்கப்புறம் நான் அழுததில் போதிசத்துவருக்குச் சம்பந்தமில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது அஜந்தா, தாமரை, கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கட்டி எனக்கு. வீல்சேர்ல ஏறினது நீங்க" என்றாள். "அந்தப் போதிசத்துவரக் கட்டுனவ எப்படித்தான் சமாளிச்சாளோ, பாவம்."