கப்பல் சங்குக்கு அடியில் போன பேச்சு

பெர்த்தோமேயை எங்கள் தெருவில் நாற்பது வருடமாகத் துரோகி என்றுதான் கூப்பிட்டு வந்தோம். கோபத்தில் அல்ல, செல்லமாகத்தான். "துரோகிக்கு ஒரு காபி" என்று கல்லாவிலிருந்து என் அப்பா குரல் கொடுப்பார். அவருக்குப் பிறகு கடை என் கைக்கு வந்தது, குரலும் என்னுடையதானது. பெர்த்தோமே ஃபொக்காச்சா ரொட்டியை உப்புப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துப் பால் காபியில் தோய்த்துத் தின்பான்.

அவன் ஜெனோவா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். இளவட்டமாக இருந்தபோது ரோமிலிருந்து ஒரு கூட்டம் வந்து இங்கே படம் எடுத்தது. நாலு திருடர்கள் கப்பல் கம்பெனிப் பெட்டகத்து வைரங்களை அடித்து, கருவாட்டு மூட்டையில் போட்டுக் கடத்துகிற கதை. பூனைகள் துரத்துகிற இடத்தில் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கும், சிரித்துச் சிரித்து. இரண்டு திருடர்கள் நிஜ நடிகர்கள். மற்ற இருவர் எங்கள் ஆட்கள். நின்றுகொண்டே துடுப்புப் போடத் தெரியும் என்பதால் பெர்த்தோமே. மூஞ்சி லட்சணமாக இருந்ததால் அமெதேயோ. இரண்டு பேரும் ஒரே மாடிப்படியில் ஓடி வளர்ந்தவர்கள். ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் கஞ்சி குடிப்பான், அப்படி.

படத்தின் கடைசிக் காட்சிதான் வினை. போலீஸ் வருகிறது. திருடர்கள் அலைத்தடுப்புச் சுவரின் முனைக்கு ஓடுகிறார்கள். படகு சின்னது, மூட்டைக்கும் ஓர் ஆளுக்கும்தான் இடம். பெர்த்தோமே மூட்டையோடு ஏறிக் கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்து என்னமோ சொல்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் சங்கு ஊதுகிறது. ஒன்றும் காதில் விழாது. படம் அதோடு முடிந்தது. அவன் திரும்பி வந்து மற்றவர்களைக் கூட்டிப் போனானா, அம்போ என்று விட்டுவிட்டுப் போனானா, யாருக்கும் தெரியாது.

இந்த ஒரு சங்கை வைத்து என் கடையில் எத்தனை சண்டை. சீட்டாட்டம் நின்றுபோகும், ஒயின் சூடாகிவிடும்.

"வந்துடறேன்னுதான்டா சொல்றான். சிரிப்பைப் பாரு, பிள்ளை சிரிப்பு" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"மூட்டையை எங்கே வச்சிருக்கான்? ரெண்டு காலுக்கும் நடுவுல. திரும்பி வர்றவன் அப்படியா இடுக்கிக்குவான்?" என்பான் மீன்கடை துல்லியோ.

காது கேளாத தையல்காரர் ஒருவர் இருந்தார், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். அவரையே தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள். வெளியே வந்து, பெர்த்தோமேயின் மீசை பாதி உதட்டை மறைக்கிறது என்று சைகை காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பெர்த்தோமேயைக் கேட்டால் ஒரே பதில்தான். "நம்பர் சொன்னேன்."

அதை நம்பவும் முடிந்தது. அந்தக் காலத்தில் படம் எடுக்கும்போது குரலைப் பிடிக்கமாட்டார்கள். எங்களைப் போன்றவர்களிடம் வசனத்தைக் கொடுத்து நேரத்தை வீணாக்காமல், வாயசைப்புக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். பிறகு ரோமில் யாராவது நல்ல குரல்காரர் பேசி ஒட்டிவிடுவார். அமெதேயோ கதாநாயகியின் கையைப் பிடித்து உருகுகிற இடத்தில் முப்பது வரைக்கும் எண்ணினான். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்ததை நானே பார்த்தேன்.

ஆனால் துரோகிப் பட்டம் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. பெர்த்தோமே சுமைதூக்குவோர் சங்கத்தின் பொருளாளர் பதவிக்கு நின்றான். அவனைவிட நேர்மையான ஆள் துறைமுகத்திலேயே கிடையாது. கூட்டத்தில் எவனோ ஒருத்தன், "கருவாட்டு மூட்டையை இவன் கையிலயா கொடுக்கப் போறீங்க?" என்றான். அரங்கமே சிரித்தது. சிரிப்பிலேயே தோற்றான். அன்றைக்கும் அமெதேயோவுக்குத்தான் முதல் கிளாஸ் ஒயின் வாங்கிக் கொடுத்தான்.

போன கோடையில் ரோமில் ஒரு கம்பெனி அந்தப் பழைய படத்தைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டது. ஒலியையும் துடைத்தார்களாம். கடைசிக் காட்சியின் மர்மத்தை அவிழ்க்கப் போகிறோம் என்று பேப்பரில் போட்டார்கள். அமெதேயோவைத் தனியாக ரோமுக்கு அழைத்து உபசரித்தார்கள். சுவர் முனையில் நின்றவர்களில் உயிரோடு இருப்பது அவன் ஒருத்தன்தான். படகில் இருந்தவனை ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்டேன். "அவனுக்கு ஞாபக மறதின்னு சொல்லிட்டாங்க போல" என்றான் அமெதேயோ, என் முகத்தைப் பார்க்காமல்.

கோயில் முன்னால் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். பெர்த்தோமே இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் அமெதேயோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பூனைகளுக்குச் சிரித்தோம். படகு கிளம்பியது. அவன் திரும்பினான், சிரித்தான். சங்கைக் காணோம். அதற்குப் பதிலாக, வெண்ணெய் தடவினாற்போல ஒரு ரோமாபுரிக் குரல்: "அங்கேயே நில்லுங்க, முட்டாப் பசங்களா. நான் வரவே மாட்டேன்."

சதுக்கம் முழுக்கக் கைதட்டல். "அந்த வசனத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்" என்று சொல்லி ஒருத்தர் அமெதேயோவுக்குப் பூங்கொத்து கொடுத்தார். "துரோகி, துரோகி" என்று நாங்கள் எல்லாம் செல்லமாகக் கத்தினோம். நானும்தான். பெர்த்தோமே எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை கடைக்கு வந்தான். ரொட்டியைக் கையில் எடுத்தவன் தோய்க்கவில்லை.

"ஓர்சோலா, நான் அன்னிக்கு நம்பர் சொல்லலை" என்றான்.

நான் துணியைக் கீழே வைத்தேன்.

"அலை ஜாஸ்தியா இருந்தது. அமெதேயோவுக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். படகுலேர்ந்து திரும்பிப் பாக்குறேன், சுவர்மேல நின்னுட்டு அழுவுறான். கால் ரெண்டும் உதறுது. எனக்கு எண்ண வாய் வரலை. 'அங்கேயே நில்லுடா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்'னு கத்தினேன். படம் பிடிக்கிறது முடிஞ்சதும் போய்த் தோள்ல தூக்கிட்டு வந்தேன்."

"அப்புறம் அந்தச் சங்கு?"

"நான் எண்ணாம பேசித் தொலைச்சதால அவங்க எழுதின வசனம் வாயசைப்புல ஒட்டலையாம். டைரக்டர் திட்டிட்டுச் சங்கை வச்சு மூடிட்டாரு."

இத்தனை வருடம் மருந்துக்கடைக்காரர் தத்துவம் பேசியது ஒரு மூட்டை தூக்குகிறவன் செய்த பிழையைப் பற்றி. எனக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. "இதை ஏன்யா இத்தனை நாள் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா அவன் அழுதது தெரிஞ்சிடும். துறைமுகத்துல பொழைக்கிறவன். புயல்ல நீந்தினேன்னு வேற ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான்."

அப்போது அமெதேயோவே உள்ளே வந்தான். சட்டையில் நேற்றைய பூ ஒன்று. கடையில் இருந்தவர்கள் எழுந்து கை கொடுத்தார்கள். எனக்கு வாய் அடங்கவில்லை. "ஏன்யா, அன்னிக்குப் படகுலேர்ந்து அவன் சொன்னது உன் காதுல விழலையா?" என்றேன்.

அமெதேயோ பெர்த்தோமேயைப் பார்த்தான். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டான். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ரோம்ல உண்மையைச் சொல்லியிருந்தா, எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீ சொன்னேன்னு கேட்டிருப்பாங்கடா. நான் என்னத்தைச் சொல்றது? அதான் மாத்திச் சொல்லிட்டேன். உனக்கென்ன, உன்னை ஏற்கெனவே துரோகின்னுதானே கூப்பிடுறாங்க. பழகிப்போன பேருதானே."

பெர்த்தோமேயின் முகத்தை அன்றுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஊர் சொன்னதை நாற்பது வருடம் தாங்கியவனுக்கு, யாருக்காகத் தாங்கினானோ அவன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது தாங்க முடியவில்லை. நாங்கள் செல்லம் என்று நினைத்துக் கூப்பிட்டதெல்லாம் அமெதேயோவுக்குத்தான் உதவியிருக்கிறது.

"ஏதாவது பேசுடா" என்றான் அமெதேயோ. "திட்டவாவது செய்யேன்."

பெர்த்தோமே ரொட்டியைத் தட்டில் வைத்தான். நண்பன் முகத்தை நேராகப் பார்த்து, படத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு. மூணு. நாலு."

சங்கு எதுவும் ஊதவில்லை. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது.