காலிப் பெட்டிகளும் தார்ப்பாயும்

எங்கள் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் தொழில் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பரவாயில்லை, ஓடுகிறது என்பார்கள். வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அரிசி டப்பாவின் அடியைச் சுரண்டி நான் உலை வைத்த மாதங்களிலும் அவர் வாயில் தொழில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதை வெறும் ஜம்பம் என்றும் சொல்லிவிட முடியாது. தேனி பைபாஸில் ஒரு வண்டி தொடர்ந்து சும்மா நின்றால், லோடு பிடித்துத் தரும் புரோக்கர் மோப்பம் பிடித்துவிடுவார். நிற்கிற வண்டிதானே என்று பாதி வாடகைக்குக் கூப்பிடுவார். அதனால் லோடு இல்லாத நாளில் என் வீட்டுக்காரர் காலிப் பிளாஸ்டிக் பெட்டிகளை வண்டி நிறைய அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு கம்பம் ரோட்டில் கிளம்பிவிடுவார். சின்னமனூர் தாண்டி ஏதாவது புளிய மரத்தடியில் வண்டியைப் போட்டுத் தூங்கிவிட்டு, மறுநாள் திரும்பி, குமுளியில் சரக்கு இறக்கிவிட்டு வருவதாகப் புரோக்கரிடம் சொல்வார். டிரைவருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாமல் அவரே ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெட்டி அடுக்கவும் கயிறு பிடிக்கவும் நான். டீசல் தண்டம் என்று திட்டுவேன். கௌரவத்துக்கும் எண்ணெய் ஊற்றத்தானே வேண்டும் என்று சிரிப்பார்.

லோடு ஏன் குறைந்தது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேரளத்து வியாபாரிகள் சொந்த வண்டியோடு தோட்டத்துக்கே வந்து வாழைத்தாரை ஏற்றிப் போனார்கள். சில்லறைச் சரக்கையெல்லாம் மினி வேன்கள் அள்ளிக்கொண்டன. டீசல் விலை ஏறியது, வாடகை மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தால் அவர் கண் ரோட்டில்தான் இருக்கும். தார்ப்பாய் கட்டிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பம் பக்கம் போகும். வீட்டுக்கு வந்து புலம்புவார். எல்லோருக்கும் லோடு இருக்கிறது, ஒற்றை வண்டிக்காரன் என்று நம்மைத்தான் மதிப்பதில்லை, இன்னொரு வண்டி இருந்தால் தேடி வருவார்கள் என்பார். அந்த வண்டிகளிலும் காலிப் பெட்டி இருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"ஊர்ல எல்லாரும் என்னய மாதிரி கிறுக்கனுகளா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 

இரண்டாவது வண்டிக்குக் கைவைத்தது கெங்குவார்பட்டியில் இருந்த என் தோப்பில். அப்பா எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதியாக எழுதிக் கொடுத்த தென்னந்தோப்பு. என் பாதியை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு கிடந்தேன். வீரபாண்டித் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். திருவிழாவுக்குப் போனால், எங்களைப் போல ஒற்றை வண்டி வைத்திருந்த ஒருவர் புது லாரிக்கு மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதற்கப்புறம் என் பேச்சு எடுபடவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை.

புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிய ராசி கொஞ்ச நாள் வேலை செய்தது. பிறகு இரண்டு வண்டியும் நின்றன. புரோக்கர் தேடி வரவில்லை. ஒரு வண்டிக்கு இருந்த பெட்டிகள் இரண்டுக்குப் போதாது என்று, காலிப் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கினோம். புது வண்டியில் அவர் புளிய மரத்தடிக்குப் போவார். பழையது சரக்கேற்றிக் கிளம்பக் காத்திருப்பதுபோலத் தார்ப்பாயோடு வாசலில் நிற்கும்.

போன மாசியில் ஒரு காலை, பழைய வண்டிக்கு நாங்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் பைக்கில் வந்து இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"நான் வர்றப்பெல்லாம் ஒங்க வண்டி லோடோடதான் நிக்குது, மாப்ள. தென்னையில பூச்சி விழுந்து காய்ப்பே இல்ல. அதான் நானும் ஒரு வண்டி எடுக்கப் போறேன். தொழில் எப்படிப் போகுது?"

என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிடம் என்னவோ சொல்லட்டும், மச்சானிடமாவது உண்மையைச் சொல்வார் என்று நம்பினேன். அவர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவாயில்ல மச்சான். ஓடுது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டி முடித்திருந்த கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தேன். "நல்லா பாத்துக்கண்ணே" என்றேன்.

அண்ணன் கிட்டே வந்து ஒரு பெட்டியை இழுத்தான். அது அவன் ஒற்றைக் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்ததை இழுத்தான், அதுவும் வந்தது. இரண்டையும் கீழே வைத்தான்.

"தோப்ப வித்து அட்வான்ஸ் குடுத்துட்டேனே ஆத்தா" என்றான்.

அப்பாவின் தோப்பில் மிச்சமிருந்த பாதியும் போய்விட்டது. ஆற்றாமையில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் புரோக்கரின் பைக் திரும்பியது. என் வீட்டுக்காரர் அவசர அவசரமாகப் பெட்டிகளை உள்ளே தள்ளித் தார்ப்பாயை இழுத்துவிட்டார். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை எடுத்து இழுத்துக் கட்டியது அண்ணன்தான்.