எந்தத் துறை என்று தெரியாமல் புதுச்சத்திரத்துக்கு ஒரு நேர்காணல் பயணம்

போன ஜூனில் ஒரு புதன்கிழமை, மருமகள் சுகன்யாவுக்குத் துணையாகச் சேலத்திலிருந்து புதுச்சத்திரம் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்வந்தேன். ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடமாகத் தற்காலிக வேலையிலேயே இருக்கிறாள். இது நிரந்தர வேலைக்கான நேர்காணல். கிடைக்காவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு என் மகனின் ஜவுளிக்கடையில் உட்காரப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காலை 7.40க்குப் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினோம். ஆளுக்கு 40 ரூபாய். பலகையைப் பார்க்காமல் ஏறியது என் தவறு. வண்டி ராசிபுரம் ஊருக்குள் போய்ப் பதினைந்து நிமிடம் நின்றது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், சும்மா இருக்க முடியுமா?

"ஏம்மா, ரெண்டு பின்னத்துல எது பெருசுன்னு பாக்கற மாதிரியா உன் படிப்பு?"

"பெருசு சிறுசு பாக்கறதில்லைங்க அத்தை. நம்ம தாலாட்டுல மாமன் சீர் கொண்டாரான். கன்னடத் தாலாட்டுல யாரு கொண்டாராங்க, ஏன்னு பாக்கறது."

"பாத்து?"

"இன்னொரு கேள்வி வரும்."

விடையே வராத கணக்கை எப்படித் திருத்தி மார்க் போடுவது?

புதுச்சத்திரத்தில் 9.15க்கு இறங்கினோம். கல்லூரி இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 60 ரூபாய்.

"இன்டர்வியூங்களா? எந்த டிபார்ட்மென்ட்டுங்க?" என்றார் ஓட்டுநர்.

"அதாங்க தெரியலை" என்றாள் சுகன்யா.

"அது தெரியாம இன்டர்வியூவுக்கு வாரவங்களை இப்பத்தானுங்க பாக்கறேன்!"

அவர் சிரித்தார். ஆனால் உண்மை அதுதான். அவள் இளங்கலையில் ஆங்கிலமும் முதுகலையில் தமிழும் படித்தவள். கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவர், "இளங்கலை இங்கிலீஷுங்களே, அந்தப் பக்கம் போங்கம்மா" என்றார். ஆங்கிலத்துறைத் தலைவர், "முதுகலை தமிழுங்களே, இங்க எப்படிங்க?" என்று திருப்பி அனுப்பினார். நான் நடுவில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொண்டுவந்த அம்மா, "மூணாவது நடைங்களா சாமி? செருப்புத் தேஞ்சிரும்" என்றார்.

கடைசியில் முதல்வர் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"ரெண்டு பேருக்கும் ஆள் பத்தலைங்கறீங்க. வந்த ஆளையும் வேண்டாங்கறீங்க."

"தமிழ் மட்டும் எடுக்கறதுன்னா நான் சேத்துக்கறேனுங்க. ஒப்பிலக்கியம் எங்க பாடத்துலயே இல்லைங்க" என்றார் தமிழ்த்துறைக்காரர்.

ஒத்துக்கொள் என்று நான் வெளியிலிருந்தே தலையாட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"எடுக்கறனுங்க சார். ஆனா வாரத்துக்கு ஒரு மணி நேரம் ரெண்டு துறைப் பசங்களையும் ஒண்ணா உக்கார வெக்க விடணும். இல்லீன்னா வேண்டாமுங்க."

"எந்த ரூம்ல?" துறைத்தலைவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

முதல்வர் யோசித்தார். "சனிக்கிழமை கடைசிப் பீரியடு செமினார் ஹால் காலியாத்தான் கெடக்கும். ஆனா அத்தனை பேரும் பஸ்ஸுக்கு ஓடிருவாங்கம்மா."

"ஓடாதவங்க போதும் சார்."

வேலை கிடைத்துவிட்டது. திரும்பும்போது, "முடியாதுன்னிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டேன். "தெரியலைங்க அத்தை" என்றாள். படித்ததற்குத்தான் வேலை கிடைத்ததா, படித்ததை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்களா? சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? சேலம் வரும்வரை எனக்குப் புரியவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இதே மாதிரி போகிறவர்களுக்கு: ராசிபுரம் ஊருக்குள் போகாத பேருந்தாகப் பார்த்து ஏறுங்கள், புதுச்சத்திரத்தில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு துறை தொட்ட படிப்பென்றால் சான்றிதழ் நகல் இரண்டு கட்டு வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் புதுச்சத்திரத்தில் நின்று சேலம் வரும் பேருந்து எது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மருமகள் கேட்கச் சொன்னாள்.