பிக்கிள்ஸ் என்றொரு கிடா

இந்த நாட்டில் ஆட்டுக்குத் தீனி கொடுக்க வரிசையில் நிற்க வேண்டும். நம் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் நான் நின்றிருக்கிறேன், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு. வட இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனால் குழந்தைகளுக்காகவே ஒரு ஃபார்ம் பார்க் இருக்கிறது. வாசலில் டிக்கெட் வாங்கினால் சின்னக் காகிதப் பையில் தீவனம் தருவார்கள். உள்ளே ஆடு, கோழி, வாத்து, பன்றி, ஒரு கிழட்டுக் கழுதை. எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. பெயரையும் பிறந்த தேதியையும் பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள். என்னுடைய பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டதுதான். அங்கே பன்றிக்குச் சரியான தேதி இருக்கிறது.

என் கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். முதல் தடவை அங்கே போனபோது ஒரு வெள்ளாட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கறி நல்லா தேறும்போல இருக்கே" என்றார், மேலூர்ச் சந்தையில் நிற்கிற மாதிரி. பக்கத்தில் நின்ற, பார்க்கில் வேலை பார்க்கும் அம்மாள் அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். ஆடு ரொம்ப அழகாக இருக்கிறதாம் என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆட்டை இழுத்துவந்து அவரைக் கட்டிப்பிடிக்கச் சொன்னாள், மனுஷரும் வேறு வழியில்லாமல் கட்டிப்பிடித்தார். உங்கள் வீட்டில் ஆடு இருந்ததா என்று என்னைக் கேட்டாள். நிறைய இருந்தன, சின்னப்பிள்ளையில் நானே மேய்த்திருக்கிறேன் என்றேன். பெயரெல்லாம் என்ன என்றாள். பெயர் கிடையாது, ஆடுதான் என்றேன். ஏதோ துக்கச் செய்தி கேட்டவள்போல என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கள் மூத்தவள் செல்விக்கு அப்போது ஒன்பது வயது. அந்த இடம் என்றால் அவளுக்கு உயிர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஏப்ரன் மாட்டி, வாளியும் பிரஷ்ஷும் கொடுத்து, கன்றுக்குட்டிகளைக் கழுவ விடுவார்கள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காதவள் அங்கே கன்றுக்குட்டியின் குளம்பிடுக்கு வரைக்கும் தேய்ப்பாள். என் கணவர் பெஞ்சில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டே, "மேலூர்ல எங்கப்பா என்னைய மாடு கழுவச் சொன்னா ஓடி ஒளிவேன். இவ டிக்கெட் எடுத்துக் கழுவுறா" என்பார்.

சின்னவன் குமரன் மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தான். டாக்டர்கள் எதையும் நிச்சயமாகச் சொல்லவில்லை. நர்ஸ் போன பிறகு அந்தப் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு, என் கணவரின் ஊர்க் கருப்பனிடம் வேண்டிக்கொண்டேன்: பிள்ளை பிழைத்துவிட்டால் ஊருக்குத் தூக்கி வந்து மொட்டை போட்டு, காது குத்தி, உனக்குக் கிடா வெட்டுகிறேன். கருப்பன் கடல் கடந்து வந்து கேட்டானா என்று இங்குள்ளவர்கள் சிரிக்கலாம். பிள்ளை பிழைத்தான். அவன் ஓடித் திரிகிற வயதானதும் நீண்ட லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் புறப்பட்டோம்.

எனக்கு ஒரே ஆசை, என் ஊரைச் செல்விக்குப் பிடிக்க வேண்டும். என்னுடைய ஃபார்மைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிவந்திருந்தேன். முதல் வாரம் முழுக்க மதுரையில் ஊர் சுற்றிக் காட்டினோம். வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனால், "தண்ணி எங்கே?" என்றாள். கோடையில் அது வற்றிக் கிடந்தது, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். திருப்பரங்குன்றத்தில் மீனுக்குப் பொரி போட்டாள், ஆனால் படி சுடுகிறது என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் பஸ்ஸில் என் மடியில் படுத்துக்கொண்டு, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இங்கிலீஷில் கேட்டாள். வீடு என்று அவள் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும்.

மேலூர்ப் பக்கத்தில் என் கணவரின் ஊருக்குப் போனதும் எல்லாம் தலைகீழானது. என் கணவரின் அண்ணன், பிள்ளைகளுக்குப் பெரியப்பா, அங்கே நெல் விவசாயம் பார்க்கிறார். வேப்பமரத்தடியில் கன்னங்கரேலென்று ஒரு கிடா கட்டிக்கிடந்தது. செல்வி சாப்பாட்டைக்கூடக் கேட்காமல் அதனிடம் ஓடினாள். சாயங்காலத்துக்குள் அதற்குப் பிக்கிள்ஸ் என்று பெயர் வைத்துவிட்டாள். பெரியப்பா அர்த்தம் கேட்டார். ஊறுகாய் என்றேன். "பேரெல்லாம் பொருத்தமாத்தேன் வச்சிருக்கு பிள்ளை" என்று துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலையில் பம்புசெட்டுப் பக்கம் ஒரே அமளி. செல்வி வாளியும் தேங்காய்நாரும் சோப்புக்கட்டியுமாக நிற்கிறாள், கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது.

"என்னத்தா, ஆட்டுக்குப் போயி தண்ணி ஊத்துற? அதுக்குத் தண்ணின்னாலே ஆகாது" என்றார் பெரியப்பா.

"அழுக்கா இருக்கான் பெரியப்பா. பழகினா அவனுக்குப் பிடிக்கும்."

அகத்திக்கீரையைக் காட்டிக் காட்டியே பழக்கிவிட்டாள். பிறகு மோட்டார் சத்தம் கேட்டாலே கிடா தானாக எழுந்து தொட்டிப் பக்கம் கழுத்தை நீட்டும். தலையில் தண்ணீர் விழும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்கும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மாமனார் மாதிரி. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். செல்வி அவர்களோடு சேர்ந்து 'அம்புட்டு', 'இம்புட்டு' எல்லாம் பேசக் கற்றுக்கொண்டாள். கால் சுடுகிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நான் பூரித்துப்போயிருந்தேன், அந்தக் கிடா எதற்கு வாங்கிக் கட்டியது என்பதை அவளிடம் சொல்லாமலே.

கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள் பெரியப்பாதான் சொன்னார், ஒளிவுமறைவு இல்லாமல். "அது சாமிக்கு விட்டது தாயி. உன் தம்பிக்காக உங்கம்மா வேண்டுனது. நாளைக்கு வெட்டுறோம்."

செல்வி அழவில்லை. என்னிடம் வந்து, "உன்னோட ஃபார்ம் காட்டறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தே" என்றாள். பிறகு இங்கிலீஷில், இனி இந்த ஊருக்கு வரவே மாட்டேன் என்றாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேண்டுதலை எப்படி விடுவது? பிழைத்த பிள்ளை கண்முன்னால் ஓடித் திரிகிறான். கிடாவை வெட்டினாலோ, என் ஊர் என் மகளுக்கு அன்றோடு சரி.

கண்மாய்க்கரைக் கோயிலில் மறுநாள் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. குமரன் மொட்டை போட்டு, காது குத்தி, சந்தனம் பூசிக்கொண்டு பலகாரம் தின்றுகொண்டிருந்தான். கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மஞ்சள் தண்ணீரைத் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் யாரும் அரிவாளைத் தூக்க மாட்டார்கள்.

பூசாரி தெளித்தார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினார். தாடையைத் தூக்கிக் காட்டியது, இங்கேயும் தேய் என்பதுபோல. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கூட்டத்துக்கு முன்னால் நின்ற செல்வியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் புரியாமல் வாயைப் பிளந்து நின்றாள்.

"கருப்பனுக்கு என்னமோ மனக்குறை. ஆருக்கு ஆரு மேல வருத்தம் இருந்தாலும் இப்பவே பேசித் தீத்துக்கங்கப்பா" என்றார் பூசாரி.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பங்காளி ஒருவர் பெரியப்பாவிடம் வந்தார். "அண்ணே, வரப்பை அரிச்சு வெட்டுனது நாந்தேன்."

"தெரியும்டா. வந்து நில்லு" என்றார் பெரியப்பா.

பெரியப்பாவின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சீமையில இருந்து கொண்டாந்த பூப்போட்ட சேலைய உன் நாத்தனாருக்குக் குடுத்துட்டயேன்னு எனக்கு உள்ளுக்குள்ள கோவந்தேன். மனசுல வச்சுக்காத." இப்படி ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். கோயிலே லேசாகிவிட்டது. கிடா மட்டும் அசையவில்லை.

"வேண்டுனது ஆரு?" என்றார் பூசாரி.

"நாந்தேன் சாமி."

"அப்ப நீயே ஊத்து தாயி."

செம்பு என் கைக்கு வந்தது. அக்கா காதோரம் குனிந்து, "காதுக்குள்ள ஊத்துடி, சட்டுன்னு சிலுப்பிரும்" என்றார். ஆடு மேய்த்த எனக்கு அது தெரியாதா? காதில் ஒரு சொட்டு விழுந்தால் போதும். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பா, மகனைக் கொடுத்தாய், அதற்காக மகளை எடுத்துக்கொள்ளாதே என்று கும்பிட்டேன். பிறகு முதுகில் ஊற்றினேன், நிதானமாக, அவள் ஊற்றுவதுபோலவே. கழுத்துக்கு வந்தேன், வயிற்றுக்கு வந்தேன், காதுப் பக்கம் போகவே இல்லை. கிடா சுகமாக நின்றது.

பூசாரி உச்சி வெயிலைப் பார்த்தார். "சரிப்பா, சாமிக்கு இது வேணாமாம். கோயில்ல விட்டுருங்க, மேஞ்சுக்கிட்டுத் திரியட்டும். வேற ஒண்ணு புடிங்க, நேரமாகுது." கண்மாய்க்குள் மேய்ந்த மந்தையிலிருந்து செவலைக் கிடா ஒன்று வந்தது. செம்பைச் சாய்ப்பதற்குள் சிலுப்பிவிட்டது. வேண்டுதலும் நிறைவேறியது. பிக்கிள்ஸ் மாலையைத் தின்றுகொண்டே புளியமரத்தைப் பார்த்து நடந்தது, செல்வி பின்னாலேயே ஓடினாள்.

பந்தி போட்டார்கள். செல்வி வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலையில் கறி விழுந்தது. நான் மெதுவாகச் சொன்னேன். "செல்வி, இது ஆடு. தெரியுமில்ல?"

"தெரியும்மா. ஆனா இதை எனக்குத் தெரியாதே" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. பிறகு அக்காவைப் பார்த்து, "பெரியம்மா, எனக்கு ஈரல் வைங்க" என்றாள்.

பந்தியே சிரித்தது. "பாருங்கய்யா, இவதேன் நம்ம வீட்டுப் பிள்ளை" என்று பெரியப்பா பெருமையாகச் சொன்னார். அக்கா ஈரலை அள்ளி அவள் இலையில் வைத்துவிட்டு என் இலையைப் பார்த்தார். நான் பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது. அந்தச் செவலைக் கிடா சிலுப்பியதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"என்னடி, சீமைக்குப் போயி நாக்கு செத்துப்போச்சா? மக திங்கிறா, நீ வெள்ளைக்காரியாட்டம் முழிக்கிற" என்றார் அக்கா.

என் இலையிலிருந்த கறியை ஒவ்வொரு துண்டாக எடுத்து மகள் இலையில் வைத்தேன். நாங்கள் அடுத்த கோடைக்கும் இங்கேதான் வரப்போகிறோம் என்று அவள் பக்கத்து இலைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், என்னைக் கேட்காமலே.